பின்னால் எடுக்காத கார்

எங்கள் வெள்ளைக் காரின் டிக்கிக்குள் வெகு நாளாக ஒரு மஞ்சள் நைலான் கயிறு கிடந்தது. ஹைபிரிட் கார் என்பதால் டிக்கியில் பாதியைப் பெரிய பேட்டரியே பிடித்துக்கொண்டிருக்கும். மிச்சமிருக்கும் இடத்தில் ஜாக்கி, குடை, பிள்ளையின் தள்ளுவண்டி எல்லாவற்றையும் திணித்துவிட்டு மூடியை அமுக்கும்போதெல்லாம் என் கணவர் அந்தக் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "இத எறிஞ்சா என்ன?" என்று கேட்பார். அது ஏன் கிடந்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். என்னைக் கிளறிப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். கயிற்றில் மூன்று இடங்களில் துணிக் கிழிசல்கள் கட்டியிருக்கின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. வெள்ளை இப்போது அழுக்கேறிச் சாம்பல் நிறமாகிவிட்டது. கட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கயிற்றைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் முதலில் வரும். அழுகை அதற்குப் பிறகுதான்.

மாமாவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பதுளை ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டும்போது மட்டும்தான் அவர் உடம்பு அமைதியாக இருக்கும். வண்டியை விட்டு இறங்கினால் போதும், முழங்கால் ஆடத் தொடங்கிவிடும். தேநீரை நின்றுகொண்டே குடிப்பார், பாதியில் கிளாசை வைத்துவிட்டு டயரை உதைத்துப் பார்க்கப் போவார், திரும்பி வந்து ஆறிப்போனதற்கு அத்தையைத் திட்டுவார். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா தேயிலை மலையில் வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அன்றிலிருந்து எங்களுக்கு அரிசியும் பாடசாலைச் சப்பாத்தும் மாமாவின் வேனில்தான் வந்தன. பூனாகலைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவு வரை வந்து, சாமானை நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் இறக்கிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார். அவசரம் என்பார். அவருக்கு ஓர் அவசரமும் இல்லை என்று எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

காரணம் லயத்துக்குக் கீழே இருந்த வளைவு. பெரட்டுக் களத்திலிருந்து, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்திலிருந்து, ரோடு நேராக இறங்கிச் சட்டென்று முழங்கையை மடக்கினாற்போல் திரும்பும். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் தேயிலையோடு சரிவு. அம்மா கல்யாணப் பெண்ணாக லயத்து வாசலில் ஏறிய வேனை ஓட்டியவர் மாமா. லைசன் எடுத்த புதிது. வளைவில் வேன் திரும்பவில்லை. ஒரு தடவை பின்னால் எடுத்து, ஒடித்து, கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார். வேறு இடமாக இருந்தால் நன்றாக ஓட்டினான் என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் பெண் ஏறிய வண்டி பின்னால் போகக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. வேனுக்குள் இருந்த கிழவிகள் வாயில் அடித்துக்கொண்டார்கள். அப்பா செத்த வீட்டில் அதில் ஒருத்தி அதையே மறுபடி எடுத்து ஒப்பாரியில் வைத்தாளாம். மாமா அப்போது பந்தலுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். கம்பை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனவர் சவம் எடுக்கும்போதுதான் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி அவரிடம் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை. அந்தக் கிழவியின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாமா வேனை விற்றுவிட்டார். நல்ல கார் ஒன்று எடுத்துக் கல்யாண ஓட்டத்துக்கு விடப்போகிறேன் என்றார், அதில் முதலில் நீதான் ஏற வேண்டும் என்றார். பெட்ரோல், டீசல் எண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற காலம் முடிந்த மறுவருடம் அது. புதிய வாகனங்களின் இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கார்களுக்கு வந்த கிராக்கியைச் சொல்லி மாளாது. அலைந்து திரிந்து கடைசியில் இரண்டு கார்களில் வந்து நின்றார். ஒன்று கறுப்பு, ஜெர்மன் கார், பதுளையில் ஒரு டாக்டர் பாவித்தது. மற்றது வெள்ளை, ஜப்பான் கார், பண்டாரவளையில் விற்பனைக்கு நின்றது. நான் பதுளை பஜாரில் உதிரிப்பாகக் கடையொன்றில் கணக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். கார்ப் பேச்சு காதில் விழாத நாளில்லை. அதனால் மாமாவின் தொல்லை முழுக்க என் தலையில் விழுந்தது. கடைக்கு வருவார், கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், "பாப்பா, கறுப்புக்கு எத்தன குதிர? வெள்ளைக்கு எத்தன?" என்பார். நேற்றுச் சொன்னேனே என்பேன். "இன்னைக்கும் சொல்லு" என்பார்.

தாளில் பார்த்தால் கறுப்பு டீசல், வெள்ளை பெட்ரோலும் பேட்டரியும். எஞ்சின் கொள்ளளவில் வெள்ளை கொஞ்சம் பெரியது. இழுவையில் கறுப்புக்குப் பக்கத்தில் வர முடியாது, மிதித்தவுடன் முதுகை இருக்கையோடு ஒட்டவைக்கும். நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்ட எது எத்தனை விநாடி எடுக்கும் என்பதை மாமா மனப்பாடம் செய்துவைத்திருந்தார். எங்கள் பக்கத்து ரோட்டில் நூறைத் தொட வேண்டுமென்றால் பள்ளத்தில் விழுந்தால்தான் உண்டு என்று சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எண்ணெய்ச் செலவில் வெள்ளை தங்கம். ஆனால் பழைய ஹைபிரிட்டின் பேட்டரி எப்போது கையை விரிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கறுப்புக்குச் சாமான் வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து வர வேண்டும். எங்கள் கடை முதலாளி, பெரிய பொறுமைசாலி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஜெர்மன் கார் வாங்கலாம் தம்பி. அதுக்குப் பொறகு நீங்க என்னைத்தான் அடிக்கடி பாக்க வருவீங்க" என்று சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. கறுப்பின் சாமான் எதெது தேய்ந்திருக்கும் என்று அவரிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டையும் ஓட்டிப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கறுப்பில் பதுளையிலிருந்து ஹாலிஎல, தெமோதரை, எல்ல வழியாக ஏறினோம். அந்த ஏற்றத்தில் அது மூச்சுவிட்ட மாதிரியே தெரியவில்லை. வளைவுகளில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போயிற்று, கதவை மூடினால் கனத்த இரும்புப் பெட்டி மூடும் சத்தம். மாமாவின் முகத்தில் அன்றைக்குத்தான் ஓர் ஆசையைப் பார்த்தேன். இதுதான் முடிவு என்று நினைத்தேன். வெள்ளையில் அப்புத்தளை வரை போனோம். மழைத் தூறலும் பனிமூட்டமும். ஏற்றத்தில் எஞ்சின் கத்திற்று, முன்சக்கரம் ஈரத்தில் ஒரு தடவை வழுக்கிற்று. ஆனால் சமதரையில் பேட்டரியில் ஓடும்போது ஒரு சத்தமும் இல்லை, பின் இருக்கை மெத்தையாக இருந்தது. திருப்பி எடுப்பதற்கு R போட்டதும் முன்னால் இருந்த சின்னத் திரையில் பின்பக்கத்து ரோடு தெரிந்தது. நான் வியந்து போனேன். மாமா எரிச்சலோடு, "பின்னால போற காருக்குத்தான் பாப்பா கேமரா. நம்ம கார் பின்னால போகாது" என்றார். அப்போதுதான் அவர் இத்தனை நாளும் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்கு விளங்கியது. குதிரைச் சக்தியும் இழுவையும் அவருக்கு வெறும் பேச்சு. அந்த வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்புகிற கார் எது என்பதுதான் கேள்வி. வளைவுக்குக் கீழே நடந்து வந்து ஏறிக்கொள்கிறேனே என்றேன். "உங்கம்மா வாசல்லதான் ஏறுனா. நீயும் வாசல்லதான் ஏறணும்" என்றார்.

கயிறு அப்போது வந்தது. வளைவின் அகலத்தை மேட்டிலிருந்து சரிவின் ஓரம் வரை அளந்து சிவப்புத் துணியைக் கட்டினார். பிறகு ஸ்டேரிங்கை முழுதாக ஒடித்து மண்தரையில் இரண்டு கார்களையும் வட்டமடிக்க வைத்து, சக்கரம் போன தடத்தை அதே கயிற்றால் அளந்து கறுப்பும் வெள்ளையும் கட்டினார். ஜெர்மன் கார் நீளம் என்றாலும் பின்சக்கரத்தால் ஓடுவது, முன்சக்கரம் நன்றாக ஒடியும். கறுப்புத் துணி சிவப்புக்கு நல்ல முழ தூரம் முன்னாலேயே நின்றது. வெள்ளைத் துணி ஒரு சாண் மட்டும் உள்ளே. மாமாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார்களையும் கெஞ்சிக் கூத்தாடி மேல் பிரிவுக்கே வரவழைத்தார். கறுப்பு வளைவில் அழகாகத் திரும்பியது, திரும்பிய கையோடு ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் வடிய வெட்டியிருந்த கானில் வயிறு இடித்து உட்கார்ந்துவிட்டது. தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி போதவில்லை. டாக்டரின் டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டான். வெள்ளை கானைத் தாண்டியது, வளைவிலும் ஏற ஒரு தடவை, இறங்க ஒரு தடவை, நூலிழையில் சுற்றி வந்தது. ஆசைப்பட்ட கறுப்பை விட்டுவிட்டு மாமா வெள்ளையை எடுத்தார்.

அந்த ஞாயிறு தேயிலை கவ்வாத்து வெட்டிய காலம். செடிகளின் தலையையும் பக்கக் கிளைகளையும் வெட்டிவிட்டதால் அவை மலை முழுக்க மொட்டைக் கட்டைகளாக நின்றன. ரோட்டோரம் பளிச்சென்று திறந்து கிடந்தது. அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. முதலில் நான் ஏறவேண்டிய கார் மற்றவர்களுடைய கல்யாணங்களுக்கு ஓடிற்று. எந்தத் தோட்டத்துக்கு ஓட்டம் வந்தாலும் மாமா முதல்நாளே கயிற்றோடு போய் வளைவுகளைப் பார்த்துவிட்டு வருவார். பெண் ஏறிய பிறகு ஒரு தடவைகூடப் பின்னால் எடுத்ததில்லை. "பின்னால எடுக்காத மாமா" என்றே பெயர் விழுந்துவிட்டது. எங்கள் வளைவை மட்டும் அவர் மறுபடி அளக்கவில்லை, அது அளந்து முடித்த வளைவு. வேனை விற்ற பிறகு வீட்டுச் சாமானை நானே பஸ்ஸில் கொண்டுவந்ததால் கார் அந்தப் பக்கம் வரவுமில்லை. அந்த ஒரு வருடத்தில் தேயிலை துளிர்த்து, வளர்ந்து, கிளைகளை ரோட்டின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. எங்களில் யாரும் அதைப் பார்க்காமல் இல்லை. தோட்டத்தில் பிறந்த எங்களுக்குச் செடி வளர்ந்தால் கொழுந்து கூடும் என்று தெரியும், நிறை கூடும் என்று தெரியும். ரோடு சிறுத்துப்போகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை காரைக் கொண்டுவந்தார். வளைவுக்குக் கீழ்ப்பக்கம் ஓர் ஒற்றையடிப் பாதையின் வாய் இருப்பதால், ஏறும்போது அகலமாக வந்து திரும்பலாம். கிளைகள் கண்ணாடியில் உரசின, அவ்வளவுதான். இறங்கும்போது அந்த வசதி கிடையாது. விடிந்ததும் காரைப் பூவால் மூடினார்கள். டிக்கியின் மேல் பெரிய பூச்செண்டு, அதிலிருந்து தொங்கிய சரங்கள் வேறு. அத்தை தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். நானும் என் தோழியும் பின்னால். லயமே வாசலில் நின்றது. அம்மா மட்டும் இல்லை. தாலி அறுத்தவள் எதிரே வரக்கூடாது என்று அவளே ஒதுங்கி, சொந்தக்காரர்களின் வேனில் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டாள். பெற்றவளைக் கடைசி இருக்கையில் வைத்துவிட்டு எனக்கு என்ன பூவும் காரும் என்று நெஞ்சு கொதித்தது. பேச வாயெடுப்பதற்குள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கார் நகர்ந்துவிட்டது.

வளைவில் மாமா முழுதாக ஒடித்தார். கார் மூக்கைத் திருப்பிற்று, தேயிலைக்குள் புகுந்தது, நின்றது. பம்பருக்கு முன்னால் விரல் பருமனில் கிளைகள். அவற்றை முறித்துக்கொண்டு போகலாம் என்று ஓரங்குலம் நகர்த்தினார். வெளிப்பக்கச் சக்கரத்தின் கீழ் மண் சரிந்தது. பிரேக்கை அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தார். ஹைபிரிட் என்பதால் எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றுகூடத் தெரியவில்லை, அவ்வளவு அமைதி. அந்த அமைதியில் அவருடைய முழங்கால் ஆடத் தொடங்கியது. ஓட்டுகிற இருக்கையில் அது ஆடி நான் பார்த்ததே இல்லை.

"பின்னால எடுங்க மாமா, ஒரு முழம் போதும்" என்றேன்.

"முடியாது பாப்பா" என்றார்.

"முகூர்த்தம் தாண்டிப் போயிருமுங்க" என்றாள் அத்தை.

அவர் கண்ணாடி வழியாகத் தேயிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கவ்வாத்துல அளந்துட்டேனே. அளந்தேனே பாப்பா, அளந்தேனே" என்றார். வேனிலிருந்து பையன்கள் இறங்கி, தூக்கி வைத்துவிடலாம் என்றார்கள். ஒருவன் கத்திக்கு ஓடினான். நான் இறங்கிக்கொள்கிறேன் என்று கதவைத் திறக்கப் போனேன். "நடுவழியில பொண்ணு எறங்குறதா?" என்று மாமா கத்திய கத்தலில் என் தோழி அழுதுவிட்டாள். எனக்குப் பயம் வந்தது. காருக்காகவோ முகூர்த்தத்துக்காகவோ இல்லை. இந்த மனிதன் இந்த இருக்கையிலேயே உடைந்துபோய்விடுவார் என்ற பயம்.

அப்போது டிக்கியின் மேல் ஓர் அடி விழுந்தது, பஸ்ஸைத் தட்டுவது போல. நான் திரும்பிப் பார்த்தேன். பூச்சரங்களுக்கு நடுவில் அம்மாவின் சேலை தெரிந்தது. வேனை விட்டு இறங்கி, அதைக் கொஞ்சம் பின்னுக்குப் போகச் சொல்லிவிட்டு, எங்கள் காருக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். மறுபடி தட்டினாள். "வா தம்பி" என்றாள். மாமா நகரவில்லை. "வாடான்னா! நான் நிக்கிறேன்ல." மாமாவின் கை R-க்குப் போயிற்று. திரை வெளிச்சமானது. அதில் ரோடு இல்லை, அம்மா இல்லை, பூச்செண்டு மட்டும் திரை நிறையப் பூத்துக்கிடந்தது. அவ்வளவு பெரிய கேமராவும் ஒன்றுக்கும் உதவவில்லை. அவளுடைய குரலைக் கேட்டுக்கொண்டுதான் மாமா காரைப் பின்னால் எடுத்தார். "வா... வா... இன்னும் வா... ஒடி... போதும்." பெண் ஏறிய கார் என்னோடு பின்னால் போனது. ஒருத்தரும் வாயில் அடித்துக்கொள்ளவில்லை.

கார் நேரானதும் அம்மா டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. குனிந்து மாமாவிடம், "அன்னைக்கும் நீ சரியாத்தாண்டா எடுத்த. வண்டிய விடு" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் வேனில் ஏறிக்கொண்டாள். அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். மாமா பண்டாரவளை வரை கண்ணைப் புறங்கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். மண்டபத்தில் அவரைத் தேடினேன். பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மோர் ஊற்றுகிறவன் வரும்வரை எழுந்திருக்கவில்லை. அவர் கால் ஆடுகிறதா என்று மேசைக்கடியில் குனிந்து பார்த்த மணப்பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். தேநீரை நின்றுகொண்டேதான் குடித்தார், டயரை உதைத்துக்கொண்டேதான் இருந்தார். மற்றவர்களின் கல்யாணத்துக்குக் கயிற்றோடு போவதையும் விடவில்லை, அது அவர்களுடைய நம்பிக்கை என்பார். ஆனால் சாமானோடு மேல் பிரிவுக்கு வந்தால் இறக்கிவிட்டு ஓடுவதில்லை. அம்மாவோடு வாசல் கல்லில் உட்கார்ந்து, யார் யார் வீட்டில் என்ன என்று பேசிக்கொண்டிருப்பார். அவ்வளவு காலம் அந்தப் பேச்சை எங்கே வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. படுக்கையில் விழுந்ததும் காரை எனக்கென்று எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்பே ஓட்டவும் அவர்தான் பழக்கியிருந்தார், பக்கத்து இருக்கையில் கால் ஆட்டிக்கொண்டு.

போன மாதம் அம்மாவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மேல் பிரிவுக்குப் போனேன். மழை அரித்து அந்த ஒற்றையடிப் பாதையின் வாய் சரிந்துவிட்டதால் இப்போது ஏறும்போதும் ஒரு தடவை பின்னால் எடுத்தே ஆக வேண்டும். நான் காரை நிறுத்தியதும் அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். "கேமரா இருக்கும்மா, ஏறும்மா" என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. R போட்டேன். திரையில் சரிவும் தேயிலையும் தெரிந்தன, நடுவில் அம்மா. டிக்கியைத் தட்டினாள். "வா... வா..." என்று கையை ஆட்டினாள். எனக்குக் கண்ணீர் மறைத்தது, குரலைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

ஏறி உட்கார்ந்ததும், "டிக்கிக்குள்ள கெடக்கே அந்தக் கயிறு, அத எனக்குக் குடு. துணி காயப்போட ஆகும்" என்றாள்.

"அது மாமா கயிறும்மா."

"தெரியும். அவனுக்கு இனி எதுக்கு அளவு" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

லயத்துக்குப் போனதும் டிக்கியைத் திறந்து கயிற்றை எடுத்தேன். வாசலில் இரண்டு கம்புகளுக்கு நடுவில் நானே இழுத்துக் கட்டினேன். துணிக் கிழிசல்களை அவிழ்க்கட்டுமா என்று கேட்டேன். "கெடக்கட்டும்" என்றாள் அம்மா, பிள்ளையின் சட்டையை உதறி விரித்தபடி.